பதினொரு ஈக்கள்

பஞ்சாட்சரத்துக்கு மூக்கு செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. முகத்தில் மூக்கு இருக்கிறது, எடுப்பான மூக்குதான். சளி பிடிக்கும், கண்ணாடி உட்காரும். வாடை மட்டும் தெரியாது. மல்லிகைப்பூவும் மாட்டுத்தோலும் அவருக்கு ஒன்று. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப் ஒன்றில் முப்பத்தோரு வருஷம், அதில் முக்கால்வாசி ஊறல் தொட்டியிலும் சுண்ணாம்புத் தொட்டியிலும் நின்றவர். கூட நின்றவர்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான் என்பதால் அதை அவர் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. புதிதாக வேலைக்கு வந்தவன் முதல் வாரம் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுப்பான். "கவலப்படாதப்பா, உனுக்கும் சீக்கிரம் செத்துடும்" என்று பெரியவர்கள் முதுகைத் தடவிக் கொடுப்பார்கள். அங்கே அதுதான் ஆசீர்வாதம்.

வீட்டில் அவருடைய மூக்குக்கும் சேர்த்து அமிர்தவள்ளி மோந்தாள். பால் திரிந்ததா, மீன் கெட்டதா, சிலிண்டர் கசிகிறதா, எல்லாம் அவள் இலாகா. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அவர் சோற்றைத் தீய விடுவார். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பவள் மாவுக் கையோடு ஓடி வருவாள். திட்டுவாள், பிறகு சிரிப்பாள். ஆனால் இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவர் வேலை முடிந்து வந்து நிற்கும்போது ஒரு நாளும் அவள் மூக்கைப் பொத்தியதில்லை. முகம் சுளித்ததில்லை. கல்யாணமான புதிதில் அவரே வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார், எப்படித் தாங்குகிறாய் என்று. "சோறு எங்கிருந்து வருதோ அதுவும் அங்கிருந்துதான்யா வருது, கைய கழுவிக்கினு வா" என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்தாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

தெருவுக்கே அந்த மரியாதை உண்டு. வேலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மெல்ல எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்காதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. லாங் பஜாரில் துணி எடுக்கப் போனால் கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், இன்னொரு ஊதுபத்தியை ஏற்றுவார். இப்படி வெளியே பட்டுவிட்டு வருகிறவர்கள் உள்ளே ஒருவரையொருவர் குத்திக்கொள்ளமாட்டார்கள். நாத்தம் என்ற வார்த்தையை அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று யாரும் சொல்வதில்லை. சின்னப் பிள்ளை சொன்னால் வாயிலேயே ஒன்று போடுவார்கள். யாரும் எழுதி வைக்காத சட்டம், கண்ணியமான சட்டம். அந்தக் கண்ணியம்தான் கடைசியில் பஞ்சாட்சரத்தின் குடியைக் கெடுத்தது.

போன ஆடி மாதம் ஒரு காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அமிர்தவள்ளி கல்லின் மேலேயே சாய்ந்தாள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே அடியில் போயின. இடது கையைக் கொஞ்சம் தூக்கலாம். கண் மட்டும் பழைய கண். இருபத்திரண்டு நாள் வைத்திருந்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, நர்ஸம்மா அவரை ஓரமாகக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னாள். வாதத்தைவிடப் படுக்கைப் புண்ணுக்குத்தான் பயப்பட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஈரம் நிற்கக் கூடாது. தினமும் முதுகைப் பார்க்க வேண்டும்.

"செவந்தா வாங்க. தண்ணி கசிஞ்சா வாங்க. வாடை அடிச்சா ஒரு நிமிஷம் நிக்காதீங்க, ஆட்டோ புடிச்சு வந்துடுங்க" என்றாள்.

பஞ்சாட்சரம் மூன்றுக்கும் தலையாட்டினார். மூன்றாவதுக்கு ஆட்டியிருக்கக் கூடாது. மறைக்கிற எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. பத்தொன்பது வருஷமாக இல்லாத ஒன்று, இல்லை என்பதே அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அவருக்குப் பதிலாக மோந்து பார்க்கிறவள் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறாள் என்பதும் தோன்றவில்லை.

ஒரே மகள் ஹேமலதா அரக்கோணத்தில் வாழ்க்கைப்பட்டவள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டியது. தாய் கிடக்கிற கிடையில் அதற்கு வழியில்லாமல் மாமியார் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று. ஹேமலதா போனில் அழுதாள். குழந்தையோடு அவள் வருகிற நாள் வரைக்கும் அம்மா உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வைத்திருக்கிறேன், பிள்ளையை அவள் கையால் தொட வைக்கிறேன் என்று பஞ்சாட்சரம் வாக்குக் கொடுத்தார். அதன் பிறகு அவருக்கு உலகத்தில் வேறு வேலை இல்லை. ஷாப்பில் கணக்கை முடித்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு பிரிசில்லா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறவள். ஷிப்ட் முடிந்து வந்து அக்காவைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டுப் போகிறேன் என்றாள். அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

"முப்பத்தோரு வருஷம் தோல பாத்தவன்மா நானு. ஒரு தோல காப்பாத்த மாட்டனா" என்றார்.

அதில் பொய் இல்லை. உப்புக் கிடங்கில் நூறு தோல் அடுக்கியிருந்தால், கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போய் இது நிற்கும், இது கெடும் என்று பிரித்துப் போடுகிற கை அது. அந்தக் கையை நம்பி மேஸ்திரிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கையால்தான் தினமும் மனைவியின் முதுகைத் தடவிப் பார்த்தார், பவுடர் போட்டார், வெந்நீரில் துடைத்தார். பின்னால் ஓடுகிற கால்வாயிலிருந்து ஈ வரும் என்று பகலிலும் கொசுவலையை இறக்கியே வைத்திருந்தார். கண்ணும் கருத்துமாகப் பார்த்தார் என்று அந்தத் தெருவே சாட்சி சொல்லும்.

புரட்டாசியில் முதல் மழை பெய்த மறுநாள் அந்தச் சிலந்தி வந்தது. கட்டிலை ஒட்டிய ஜன்னல் பின்பக்கம் பார்த்தது. அதற்கு வெளியே ஒரு கொய்யா மரம், அந்தப் பக்கம் குளியலறையின் சிமெண்ட் ஷீட்டுக் கூரை. கொய்யாக் கிளைக்கும் கூரை விளிம்புக்கும் நடுவே, சரியாக ஜன்னலை அடைத்துக்கொண்டு, ஒரு முழத்துக்குக் குறையாத வட்டத்தில் வலை. நடுவில் தலைகீழாக ஒரு பெரிய எட்டுக்கால் பூச்சி. முதுகில் மஞ்சள் பட்டை, வெள்ளிப் பட்டை, பிறகு மஞ்சள். எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு மூலைக்கும் நீட்டிக்கொண்டு பெருக்கல் குறி போட்ட மாதிரி இருந்தது.

பஞ்சாட்சரம் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நோயாளி இருக்கிற அறை, பூச்சி எதற்கு என்று கம்பை ஓங்கியபோது ஜன்னலுக்கு உள்ளே கொசுவலை அசைவது தெரிந்தது. அமிர்தவள்ளி இடது கையைத் தூக்கி வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதத்தில் அவள் தானாக இதைச் செய், இதைச் செய்யாதே என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் "சரி சரி, இருக்கட்டும்" என்று சொல்லிக் கம்பைக் கூரைமேல் எறிந்துவிட்டு உள்ளே வந்து, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் அதைப் பார்ப்பது ஒரு குடித்தனம் மாதிரி ஆகிவிட்டது. விடியற்காலையில் அது பழைய வலையைத் தானே தின்றுவிடும். ஒரு நூலைக்கூட வீணாக்காது. பிறகு நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் புதிதாகக் கட்டும். பின்னங்கால் ஒவ்வொரு இழையையும் தொட்டு இடம் பார்த்து ஒட்டும். எல்லாம் முடிந்ததும் காலை நீட்டுகிற நான்கு திசைக்கும் வெள்ளையாக, கெட்டியாக, நெளிநெளியாக ஒரு பட்டை போடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிரிசில்லா அதைப் பார்த்து அசந்துபோனாள். "எங்க லைன்ல இந்த ஜிக்ஜாக் போட்டா செக்கிங்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆவாதுக்கா" என்று அமிர்தவள்ளியிடம் சொன்னாள். அமிர்தவள்ளியின் பாதி வாய் சிரித்தது.

வலை ஓரத்தில் நகக்கண் அளவுக்கு இன்னொன்று ஒண்டிக்கொண்டு நின்றது. அதுதான் புருஷன்காரனாக இருக்க வேண்டும் என்று பஞ்சாட்சரம் தீர்மானித்தார். "பாரு, எப்படி ஓரமா நிக்கறான். நான் ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து நிக்கற மாதிரியே" என்று அவளைச் சீண்டினார். ஒரு வாரத்தில் அந்தச் சின்னதைக் காணோம். பெரியது தின்றுவிட்டதா, தானாகப் போய்விட்டதா என்று தெரியவில்லை.

எது விழுந்தாலும் சிலந்தி ஓடி வந்து பாயாது. முதலில் வலையை ஒரு குலுக்குக் குலுக்கும். பிறகு போய், வயிற்றிலிருந்து அகலமாக நூலை இழுத்து, பூச்சியை உருட்டி உருட்டிச் சுற்றும். கண்மூடித் திறப்பதற்குள் அது வெள்ளைப் பொட்டலம் ஆகிவிடும். சாயங்காலம் அந்தப் பொட்டலங்களை எண்ணி அமிர்தவள்ளிக்குச் சொல்வது அவருடைய வேலை. படுத்த வாக்கில் அவளுக்கு வலையின் கீழ்ப்பாதி தெரியாது. "இன்னிக்கு ரெண்டு. ஒண்ணு வெட்டுக்கிளி, ஒண்ணு ஈ." "இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு, பட்டாம்பூச்சி. கம்மிதான், பாவம் பட்டினி." அவர் சொல்லச் சொல்ல அவள் கண் சிலந்தியின் மேலேயே இருக்கும்.

ஐப்பசி பிறந்த சமயத்தில் இடுப்பெலும்புக்குக் கீழே, எட்டணாக் காசு அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. நர்ஸம்மா சொன்னது காதில் கேட்டது. மறுநாள் ஆட்டோ சொல்லலாம் என்று இருந்தபோது விடாமல் மழை. அந்த மழையில் அவளைத் தூக்கி அலைக்கழிக்க மனம் வரவில்லை. இரண்டு மணி நேரம் என்பதை ஒரு மணி நேரமாக்கிப் புரட்டினார். மூன்றாம் நாள் மழை விட்டது. அன்றைக்குத் தொட்டுப் பார்த்தால் சிவப்பு கறுத்திருந்தது. ஐந்தாம் நாள் கறுத்த இடம் கெட்டிப்பட்டு விறைத்துவிட்டது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சொட்டு ஈரம் இல்லை. விளிம்பு இறுக்கமாக இருந்தது. தட்டினால் காய்ந்த தோலின் ஓசை.

அவர் கை சந்தோஷப்பட்டது. ஈரம் நின்றால் தோல் கெடும், காய்ந்துவிட்டால் நிற்கும். அந்தக் கை முப்பத்தோரு வருஷமாகப் படித்த பாடம் அது ஒன்றுதான். "காஞ்சுடுச்சு அமிர்தம், பொழச்சோம்" என்று அவள் காதில் சொன்னார். ஆட்டோவை அதோடு மறந்தார். உரித்துப் போட்ட தோலுக்கு அந்தப் பாடம் சரி. உயிருள்ள தோலை அவர் கை படித்ததில்லை. காய்ந்து கறுத்த அந்த மூடிக்குக் கீழே சதை அழுகிக்கொண்டு போனது. விளிம்பில் எப்போதாவது கொஞ்சம் கசிந்ததை வேர்வை என்று துடைத்துவிட்டுப் பவுடர் போட்டார். இதைச் சொல்லும்போது யாருக்கும் அவர்மேல் கோபம் வரும். கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, அவர் தன்மேல் கோபப்பட்டுக்கொண்டதைவிட அதிகமாக யாரும் அவர்மேல் கோபப்பட்டுவிட முடியாது.

அதற்கப்புறம் ஒரு நாள், துணி மாற்றிவிட்டு அவளை நேராகப் படுக்க வைத்தபோது, அமிர்தவள்ளி இடது கையைத் தூக்கித் தன் மூக்கைத் தொட்டாள். கை தளர்ந்து விழுந்தது. மறுபடி தூக்கி மூக்கைத் தொட்டாள். அவரைப் பார்த்தாள்.

பஞ்சாட்சரத்துக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும்போது மூக்குத்தியைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து அவர் கையில் கொடுத்திருந்தார்கள். அது இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. மூளி மூக்கோடு பேரப்பிள்ளையைப் பார்ப்பாளா? அவளுக்குத்தான் எத்தனை ரோஷம். அவள் கேட்பது வேறு எதையோ என்று அவருக்கு எப்படித் தோன்றும்? இருபத்தொன்பது வருஷத்தில் அவர் எதிரில் வாடைக்காக அந்தக் கை மூக்குக்குப் போனதே இல்லையே.

துளை தூர்ந்திருந்தது. தேங்காயெண்ணெய் தொட்டு, மெல்லத் திருகித் திருகி, அரை மணி நேரம் பாடுபட்டு மூக்குத்தியை ஏற்றினார். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. வலியாக இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும் என்று நினைத்தார். கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினார். அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள். அதற்குப் பிறகு கை மூக்குக்குப் போகவில்லை.

அந்த வாரம்தான் சிலந்திக்கு யோகம் அடித்தது. இரண்டும் மூன்றுமாக விழுந்துகொண்டிருந்த வலையில் ஐந்து விழுந்தது, பிறகு ஆறு. வெட்டுக்கிளி, பட்டாம்பூச்சி என்று ஒன்றும் இல்லை, எல்லாம் ஈ. பச்சையாக, பெரிதாக, மினுமினுவென்று இருக்கிற ஈ. தோல் கிடங்கில் உப்புக் குறைந்த தோலைத் தேடி வருகிற ஈதான். அவருக்கு நன்றாகத் தெரிந்த ஈதான். மழைக்காலம், கால்வாய் நிரம்பி ஓடுகிறது, காற்று ஷாப் பக்கமிருந்து வருகிறது என்று அதற்கு ஒரு சமாதானம் கைவசம் இருந்தது. அந்த ஊரில் ஈயை யார் ஏறெடுத்துப் பார்க்கிறார்கள்? ஜன்னலை நோக்கி நேராக வந்து, கண்ணுக்குத் தெரியாத நூலில் மோதி, ரீங்காரமிட்டுத் துடிக்கும். தப்பித்து உள்ளே வந்தவை கொசுவலைமேல் உட்கார்ந்து நடக்கும். அவர் துண்டால் விசிறி விரட்டுவார். சிலந்திக்குத் தின்ன நேரம் இல்லை. சுற்றிச் சுற்றிப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டே இருந்தது. வயிறு சுண்டைக்காய் அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுக்கு வந்தது.

ஒரு சாயங்காலம் எண்ணிவிட்டு உள்ளே வந்தவர் குழந்தை மாதிரி குதூகலித்தார்.

"பதினொண்ணு அமிர்தம்! எல்லாம் பச்ச ஈ. ஒன் பொண்ணுக்கு பண்டிகதான் போ."

சிலந்தியை அவர் உன் பெண் என்றுதான் சொல்வார். அமிர்தவள்ளி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அசதியில் தூங்குகிறாள் என்று போர்வையை இழுத்துவிட்டார்.

பிரிசில்லா அந்த நாட்களில் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்று துப்பட்டாவால் முகத்தைத் துடைக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். ஒரு தடவை, ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்க் காட்டிவிட்டு வரலாமே அண்ணா என்றாள். புண் காய்ந்துவிட்டது, அமிர்தத்தை ஆட்டோவில் ஏற்றி இறக்கி ஏன் பேஜார் பண்ண வேண்டும் என்று அவர் சிரித்தார். அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஹேமலதாவுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் முடிந்த மறுநாள், கணவனோடு அவள் ரயிலேறி வந்தாள். பஞ்சாட்சரம் அன்று காலையிலேயே அமிர்தவள்ளிக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, புதுப் புடவையைப் போர்த்தி வைத்திருந்தார். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தாள். வைத்த கால் அப்படியே நின்றது. குழந்தையின் முகத்தை மார்போடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னாப்பா இது நாத்தம்?"

அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த பெண். அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அரக்கோணம் போய் மறந்துவிட்டாளா என்று அவருக்குச் சுருக்கென்றது. "காத்து அந்தப் பக்கம் அடிக்குதும்மா, ஷாப்பு வாட" என்றார். அவள் காதில் அது ஏறவில்லை. கட்டிலுக்குப் போய்க் கொசுவலையைத் தூக்கினாள். குழந்தையை அம்மாவின் இடது கைப்பக்கம் கொண்டுபோனாள். இதற்காகத்தானே மூன்று மாதம் அவர் காத்திருந்தார். அமிர்தவள்ளி குழந்தையைப் பார்த்தாள். ஒரு முறை ஆசை தீரப் பார்த்தாள். பிறகு இடது கையைத் தூக்கி, தள்ளு, தள்ளிக் கொண்டுபோ என்று ஆட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஹேமலதா குழந்தையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு வந்து அம்மாவைப் புரட்டினாள். அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கறுப்பு மூடியை வெட்டி எடுத்தபோது, உள்ளே ஒரு கை நுழைகிற பள்ளம். அழுகல் எலும்பு வரைக்கும் போய், ரத்தத்திலும் கலந்துவிட்டிருந்தது. இவ்வளவு வாடை வந்திருக்குமே, வீட்டில் யாரும் இல்லையா என்று டாக்டர் கேட்டார். "நான்தாங்க இருந்தேன். எனுக்கு மூக்கு இல்லீங்க" என்றார் பஞ்சாட்சரம். டாக்டர் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அதில் மூக்கு இருந்தது. வேலை என்ன என்று விசாரித்து, பதிலைக் கேட்டதும் எழுத ஆரம்பித்தார்.

வராந்தாவில் ஹேமலதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"அம்மாவுக்கு மோப்பம் நல்லா இருந்துச்சேப்பா. ஒரு கை இருந்துச்சே. உன்கிட்ட ஒண்ணுமே காட்டலயா?"

"காட்டுச்சும்மா. மூக்குத்தி கேட்டுச்சு. மூக்கத் தொட்டுத் தொட்டு..."

அவர் கை தன் மூக்கைத் தொட்டுக் காட்டப் போய், பாதி வழியிலேயே நின்றது. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை இறக்கவில்லை, மேலே கொண்டுபோகவும் இல்லை. அவள்தான் அந்தக் கையைப் பிடித்து அவர் மடியில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அவள் திட்டவில்லை.

ஒன்பதாம் நாள் அமிர்தவள்ளி போனாள். மூக்குத்தியைக் கழற்றி மறுபடி காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள்.

உடம்பை வீட்டுக்கு எடுத்து வந்த அன்று பிரிசில்லா அவர் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "எனுக்குத் தெரியும்ணா. ரெண்டு வாரமா தெரியும். உங்க வீட்டு வாசல்ல நின்னுக்கினு அந்த வார்த்தைய நான் எப்படிணா சொல்லுவேன்?" என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ள அவரிடம் வாய் இல்லை. அவள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் அவரும் சொல்லியிருக்கமாட்டார்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்தார்கள். ஹேமலதா மெத்தையை வெளியே போட்டுக் கொளுத்தினாள். அறையைப் பினாயில் விட்டு மூன்று தரம் கழுவினாள். கொசுவலையைச் சுருட்டினாள். ஜன்னலைத் துடைக்கப் போனவள் ஒட்டடைக் கம்பைத் தேடினாள். அது வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று பஞ்சாட்சரம் சொன்னார். அவரை அரக்கோணத்துக்கு வந்துவிடும்படி கூப்பிட்டாள். பிறகு வருகிறேன் என்று அனுப்பி வைத்துவிட்டார்.

அதன் பிறகு வெறும் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலந்தி அங்கேயேதான் இருந்தது. காலையில் பழைய வலையைத் தின்றது, புதிதாகக் கட்டியது, நான்கு பக்கமும் நெளிநெளியாகப் பட்டை போட்டது, நடுவில் போய்த் தலைகீழாக உட்கார்ந்தது. சாயங்காலம் பழக்க தோஷத்தில் அவர் பின்பக்கம் போய் எண்ணினார். ஒன்றும் இல்லை. அடுத்த நாள் ஒரு சின்ன அந்துப்பூச்சி. அதற்கடுத்த நாளும் ஒன்றும் இல்லை. கால்வாய் அப்படியேதான் நிரம்பி ஓடியது. காற்றும் அந்தப் பக்கமிருந்தேதான் அடித்தது. ஈ மட்டும் வரவில்லை.

நான்காம் நாள் காலி வலைக்கு முன்னால் நிற்கும்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்த ஈக்கள் கால்வாய்க்கும் வரவில்லை, ஷாப்புக்கும் வரவில்லை. அமிர்தத்துக்காக வந்தவை. அவர் மூக்குக்குத் தெரியாததைத் தெரிந்துகொண்டு ஜன்னலைத் தேடி வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிடித்து, பொட்டலம் கட்டி, எண்ணிப் பார்க்கிற மாதிரி வரிசையாக அவர் கண்ணெதிரில் அந்தப் பூச்சி தொங்கவிட்டிருக்கிறது. அவரும் எண்ணியிருக்கிறார். எண்ணிக்கொண்டுபோய் அவளிடமே சொல்லியிருக்கிறார்.

ஐந்து என்று சொன்ன நாளிலிருந்து அவள் சிலந்தியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். இப்போது அது ஞாபகம் வந்தது. ஐந்து எதற்கு, ஆறு எதற்கு, பதினொன்று எதற்கு என்று அவளுக்குத் தெரியும். தன் உடம்பு எத்தனை தூரம் அழுகிவிட்டது என்ற செய்தியைத் தினமும் சாயங்காலம் புருஷன் சிரித்துக்கொண்டே வந்து சொல்வதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பதினொன்று என்று சொன்ன அன்றைக்குத்தான் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு கொய்யா மரத்தடியில் உட்கார்ந்தார். தெருவுக்குக் கேட்காமல் அழ முடியவில்லை. பிரிசில்லா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து நின்றாள். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. வலை அன்று கட்டியது கட்டியபடியே இருந்தது. எண்ணுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.